சங்குமுனைக்கு மூன்றாவது கையெழுத்து

“பெயர் லிகோரி மோத்தா. வயது இருபத்தாறு. இருப்பிடம் ஸ்வால்பார்ட் தீவு, மூன்றாம் கேட்பகம், இரண்டாவது மேசை.”

ஒரு நாளைக்கு நாற்பது தடவை இதைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மேசைமேல் இருக்கும் குரலெழுதி விழித்துக்கொள்ளும். முதலில் பெயர், வயது, இருப்பிடம். அடுத்து கண்ணில் பட்டது. கடைசியில் படிப்பவரிடம் ஒரு வேண்டுகோள். இந்த வரிசை தப்பினால் சான்று செல்லாது.

“நான் பார்ப்பது தொண்டிக்குக் கிழக்கே, இரண்டு ஆள் ஆழத்தில், நீள இலைக் கடற்புல். பழைய புல்வெளி. இதன்மேல் நங்கூரம் போடாதிருக்கும்படி படிப்பவரை வேண்டுகிறேன்.”

பூமியின் உச்சந்தலையில், வடதுருவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் வாயை மூடினான். தொண்டிக் கடலில் மூன்று ஏக்கருக்குக் காப்புவேலி விழுந்தது. கம்பியோ கம்பமோ இல்லாத வேலி. உள்ளே நுழைகிற வள்ளத்தின் எஞ்சின் தானாக அணைந்துவிடும். மூன்று தடவை நுழைந்தவனுக்குக் கடலுரிமையே போய்விடும். சான்று உலகத்துக்கே திறந்து கிடக்கும் பொதுப்பதிவில் போய்ச் சேரும். அதை யாரும் படித்ததாக இதுவரை தகவல் இல்லை.

ஊடுகண்கள் மொத்தம் பன்னிரண்டு. தண்ணீரைத் துளைத்து அடித்தரையைப் பார்க்கும் செயற்கைக்கோள்கள். துருவத்துக்குத் துருவம் சுற்றுவதால், எந்த நாட்டுக் கரையைப் படம் பிடித்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் இந்தத் தீவின் தலைக்குமேல் வந்தே தீர வேண்டும். வந்து, பிடித்த படங்களைக் கேட்பகங்களில் இறக்கிவிட்டுப் போகும். அவற்றைப் பார்த்துச் சொல்லத்தான் வெயிலும் உப்புமாய் வளர்ந்த பிள்ளைகளைக் கொண்டுவந்து பனிக்குள் வைத்திருந்தார்கள். படத்தை முதலில் படிக்கும் பொறிக்கு நிறம் மட்டும்தான் தெரியும். கடற்புல்லும் கரும்பச்சை, அழுகின பாசியும் கரும்பச்சை, வள்ளத்தின் நிழலும் கரும்பச்சை. ‘அறுபத்தொரு விழுக்காடு புல்’ என்று சொல்லிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். மிச்சத்தைச் சொல்ல அந்தத் தண்ணீரில் இறங்கிக் குளித்த ஆள் ஒருவர் வேண்டும். அவருக்குச் சான்றாளர் என்று பெயர்.

சட்டம் எழுதியவர்கள் சான்றாளரை முழுதாக நம்பிவிடவில்லை. கரைக்காரன் பொய் சொன்னால் எதற்குச் சொல்வான்? தன் சனம் வலை போட இடம் வேண்டும் என்று, வேலியை நீக்கத்தான் சொல்வான். ஆகவே வேலியை நீக்கவோ தளர்த்தவோ மூன்று கையெழுத்து வேண்டும்: சான்றாளர் ஒருவர், இன்னொரு சான்றாளர், பொதுப்பதிவைப் படிக்கும் யாரோ ஒருவர். வேலி போடுவதற்கு ஒரே ஒரு கையெழுத்து போதும். பொறாமையில் ஒருவன் கடலைக் காப்பாற்றுவான் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

லிகோரியின் ஊர் வேம்பாருக்குத் தெற்கே சங்குமுனை. வந்து இரண்டு வருடம் முடிந்திருந்தது. வந்த நாளிலிருந்து அவன் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. வேலை ஓய்ந்த நேரமெல்லாம் குரலெழுதியை வீட்டுப் பக்கம் திருப்பிவைத்துப் பேசிக்கொண்டே இருப்பான். “அம்மா, கேஸ மூடுனியா? மாத்திர போட்டியா? மழ பெஞ்சா மோட்டாரத் தொடாத. தெக்லா வந்தாளா? என்ன சொன்னா? சிரிச்சிக்கிட்டு சொன்னாளா, சிரிக்காம சொன்னாளா?”

தெக்லா அவனுடைய மாமா மகள். நிச்சயம் முடிந்து, அவன் ஊர் திரும்புவதற்காகக் கல்யாணம் காத்துக்கொண்டிருந்தது. பணிக்காலம் முடியுமுன்பே திரும்ப ஒரே ஒரு வழி உண்டு. ஒரு ஏக்கர் கடற்புல்லைப் புதிதாக வளர்த்துக் காட்டும் ஊருக்கு, அங்கேயே உட்கார்ந்து சான்று சொல்லக் கரைச்சான்றகம் ஒன்று தருவார்கள்; அந்த ஊரில் பிறந்த சான்றாளர் யாரும் இருந்தால் அவரையே அங்கே அனுப்பிவைப்பார்கள். போன கிறிஸ்துமஸ் அன்று இதைத் தெக்லாவிடம் போனில் சொல்லி லிகோரி சிரித்தான். “நம்ம கடல்ல வெறும் மணலு. அதுல எங்க இருந்துட்டி புல்லு மொளைக்கும்?” அவள் சிரித்த சத்தம் கேட்கவில்லை. “ஒங்க ஊடுகண்ணு எத்தன மணிக்கு அத்தான் நம்ம ஊருக்கு மேல வரும்?” என்று மட்டும் கேட்டாள். “காலைல பத்து நாப்பது.” “தினமுமா?” “தினமும்.”

பிப்ரவரிக் கடைசியில் அம்மாவின் குரல் வந்தது.

“எய்யா, தெக்லா இப்பம்லாம் இந்தப் பக்கம் தல காட்டுததே இல்ல. விடிஞ்சா வால்டரு வள்ளத்துல ஏறிப் போயிருதா. எதுக்குட்டி போறன்னு கேட்டா பல்லக் காட்டுதா. நா ஒண்ணும் தப்பா சொல்லல. நீ கேட்டன்னு சொன்னேன். மாத்திர போட்டுட்டேன்.”

லிகோரி அதை ஏழு தடவை கேட்டான். ஏழாவது தடவையில், ‘நா ஒண்ணும் தப்பா சொல்லல’ என்ற இடத்தில் அம்மா கொஞ்சம் நிறுத்திப் பேசியதாகப் பட்டது.

வால்டர் அவனுடைய கூட்டாளி. சங்குக் குளிக்குப் போகும்போது வால்டர் இறங்குவான், லிகோரி மேலே நின்று கயிறு பிடிப்பான். புறப்படும் அன்று பஸ்ஸுக்குள் தலையை விட்டு வால்டர் சொன்னது இப்போது காதுக்குள் கேட்டது. “நீ போ மச்சான். இங்க எல்லாத்தையும் நா பாத்துக்கிடுதேன்.”

எல்லாத்தையும் என்றால்?

சான்றாளர் தன் ஊர் ஆட்களை ஊடுகண்ணில் பார்ப்பது குற்றம். மறுநாள் லிகோரி முதல்தடவையாக அதைச் செய்தான். சங்குமுனை அவனுடைய பங்கில்தான் இருந்தது. அடித்தரையைப் பார்க்கலாம், ஆளைப் பார்க்கக்கூடாது. ஊடுகண்ணின் படத்தில் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு புள்ளி. முகம் விழாது. வள்ளம் விழுந்தது. பச்சை அடித்த வால்டரின் வள்ளம், கரையிலிருந்து அரை மைல் தள்ளி, ஒன்றுமே கிடைக்காத மணல்திட்டின்மேல் எஞ்சினை அமர்த்திவிட்டு நின்றது. வள்ளத்தில் ஒரு ஆள். வள்ளத்தை ஒட்டித் தண்ணீரில் மூன்று மஞ்சள் புள்ளிகள்.

அந்த மஞ்சள் சட்டையை வாங்கிக் கொடுத்தவன் லிகோரி.

மஞ்சளிலிருந்து வள்ளத்துக்கு ஒரு வெள்ளைக் கீறல் ஓடியது. ஈரக் கயிறு வெயிலில் பளபளத்தால் அப்படித்தான் விழும். கீறலின் மறுமுனை வால்டரின் கையில் இருந்தது.

வேறு எந்த ஊர்ச் சான்றாளர் பார்த்திருந்தாலும், ஒருத்தி குளிக்கிறாள், ஒருவன் துணைக்கு நிற்கிறான் என்று நினைத்து அடுத்த படத்துக்குப் போயிருப்பார். சங்குமுனையில் பிறந்தவனுக்கு அது முடியாது. அங்கே இறங்குகிறவரின் உயிர் கயிறு பிடிக்கிறவர் கையில். மூச்சு முட்டிக் கயிற்றை இழுத்தால் அந்த நொடியே தூக்க வேண்டும். ஆகவே கயிற்றைக் கண்டவர் கையில் கொடுப்பதில்லை. ஆண் இறங்கினால் மச்சான் பிடிப்பான். தன் தங்கச்சி தாலியறுப்பதை எவனும் விரும்பமாட்டான் என்ற கணக்கு. கல்யாணம் ஆகாதவனுக்கு நெருங்கின கூட்டாளி பிடிப்பான். பெண் இறங்கினால் கூடப்பிறந்தவன் பிடிக்கலாம். கூடப்பிறந்தவன் இல்லையென்றால் கட்டினவன். கட்டினவன் இல்லாத இடத்தில் இன்னொருவன் பிடித்தால், அதற்கு ஊரில் அர்த்தமே வேறு.

தெக்லாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது.

அடுத்த நாள் படத்தில் மஞ்சள் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது. அவள் ஒரு கையைத் தண்ணீருக்குமேல் தூக்கியிருந்தாள். வால்டர் இருந்த பக்கமாக. அதற்கு அடுத்த நாளும் கை. அதற்கு அடுத்த நாளும்.

போனில் கேட்டான். நேராகக் கேட்க முடியாது; எப்படித் தெரியும் என்று அவள் கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

“காலைல எங்கட்டி இருந்த? அம்மா தேடுனாளாம்.”

“எங்க போவேன்? கரைலதான் இருந்தேன்.”

“கரைலயேவா?”

“கரைலயேதான். என்னத்தான், கொரலு ஒரு மாதிரி இருக்கு? சளியா?”

“ஆமா, சளி.”

பதினோரு நாள் பார்த்தான். சோறு இறங்கவில்லை. பக்கத்து மேசை பர்வீன் அக்கா முத்துப்பேட்டைக்காரர். அலையாத்திக் காடுகளுக்குச் சான்று சொல்கிறவர். தன் டப்பாவிலிருந்து இடியாப்பத்தை எடுத்து அவன் தட்டில் வைத்தார். “என்னாப்பா, ஸ்கிரீன இப்புடி மொறைக்கிற? அதுல என்னா ஒன் மாமியாளா தெரியிது?”

“ஒண்ணுமில்லக்கா. மணல்தான்.”

“மணல யாராச்சும் இவ்ளோ கோவமா பாப்பாங்களா?”

பன்னிரண்டாம் நாள், மார்ச் மாதத்துச் சூரியன் பனிமலைக்குமேல் ஒரு சாண் ஏறி நின்ற முற்பகலில், லிகோரி தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

“பெயர் லிகோரி மோத்தா. வயது இருபத்தாறு. இருப்பிடம் ஸ்வால்பார்ட் தீவு, மூன்றாம் கேட்பகம், இரண்டாவது மேசை. நான் பார்ப்பது சங்குமுனைக்குக் கிழக்கே, ஒன்றரை ஏக்கர் கடற்புல்.”

பொறி மறுத்தது. “படத்தில் மணல் மட்டுமே தெரிகிறது. நான்கு விழுக்காடு புல்.”

“மணல் மூடிக் கிடக்கிறது. அடியில் வேர் உயிரோடு இருக்கிறது. நான் அந்தக் கடலில் குளித்தவன்.”

“புதிய புல்வெளியா, பழையதா?”

இங்கேதான் அவன் ஒரு மூச்சு நிறுத்தினான். புதியது என்றால் முப்பது நாளுக்குள் முக்குளிப்பவர் வந்து தொட்டுப் பார்ப்பார். வளர்த்தவர்கள் உள்ளே போய்வரவும் அனுமதி உண்டு. பழையது என்றால் பரிசோதனை கிடையாது. யாரும் எதற்காகவும் நுழையக்கூடாது.

“பழையது. என் அப்பா காலத்திலிருந்து இருப்பது. யாரும் இங்கே வள்ளத்தை நிறுத்தவேண்டாம் என்று படிப்பவரை வேண்டுகிறேன்.”

அன்றைக்கு அவன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் பத்து நாற்பதுக்கு வள்ளம் திட்டுக்கு வெளியே செத்துக் கிடந்தது. வால்டர் எஞ்சின்மேல் குனிந்திருந்தான். மஞ்சள் புள்ளிகள் வள்ளத்தின் முன்பக்கம் உட்கார்ந்திருந்தன. மூன்றாம் நாளும் வந்தார்கள். அதற்குப் பிறகு வள்ளம் வரவில்லை. வெறும் மணல். அந்த மணலைப் பார்க்கப் பார்க்க லிகோரிக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி அம்மாவின் அடுத்த செய்தி வரும்வரைதான்.

“எய்யா, நம்ம திட்டுல கெவுர்மெண்டு வேலி போட்டுட்டாம்லா. தெக்லா ரெண்டு நாளா ஒரு வாய் சாப்பிடல. சும்மா அழுதுகிட்டே கெடக்கா. என்னன்னு கேட்டா அதுக்கும் வாயத் தொறக்கல.”

வள்ளத்தில் ஏற முடியாததற்கு இவ்வளவு அழுகையா? தான் இரண்டு வருடம் முன்னால் பஸ் ஏறியபோது அவள் ஒரு வேளையாவது பட்டினி கிடந்தாளா? லிகோரி யோசித்துப் பார்த்தான். அன்றைக்கு மதியம் அவள் மீன்குழம்பு சாப்பிட்டதாக அம்மா சொன்னது துல்லியமாக நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து அவன் போனைக் குறைத்துக்கொண்டான். அவளும் குறைத்துக்கொண்டாள். அதுவும் ஒரு அத்தாட்சியாகத் தெரிந்தது.

மே மாதம் கச்சான் காற்று எழுந்தது. தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று வீசுகிற காலம் முழுக்கக் கடல் கலங்கிச் சேறாகக் கிடக்கும். ஊடுகண்ணாலும் துளைக்க முடியாது. செப்டம்பர் கடைசியில்தான் தண்ணீர் தெளிந்தது.

தெளிந்த மூன்றாம் நாள் பர்வீன் அக்கா நாற்காலியோடு உருண்டு வந்து அவன் முதுகில் ஒரு அறை வைத்தார்.

“ஏ தம்பி! ஒன் சங்குமுனையப் பாத்தியா? பொறி நாலு விழுக்காடுன்னு சொல்லிச்சில்ல? இப்ப தொண்ணூறு சொல்லுது. புல்லு வந்திருச்சு! ஆறு மாசத்துக்கு முன்னாடியே எப்புடிப்பா கண்டுபுடிச்ச? மூக்குல மோந்து பாப்பியா?”

அப்பா காலத்திலிருந்தே அந்தத் திட்டில் ஒரு புல் கிடையாது என்பது லிகோரிக்குத் தெரியும். படத்தைப் பெரிதாக்கினான்.

கரும்பச்சை. சந்தேகமே இல்லாத கடற்புல், அரை ஏக்கர் அளவுக்கு. ஆனால் அது புல்வெளி போல இல்லை. ஒரே அளவுச் சதுரங்கள், சதுரத்துக்குச் சதுரம் இரு கை விரித்த அளவு இடைவெளி, கோடு பிடித்தாற்போல வரிசை. நாற்று நட்ட வயல். பதினேழாவது வரிசை பாதியில் நின்றிருந்தது.

“வரிசையா மொளைச்சிருக்கே?” என்றார் பர்வீன் அக்கா, இப்போதுதான் கவனித்தவராக. “கடலு எப்பத்துல இருந்து கோடு போட்டு எழுதுது?”

பொறி அதைக் கேட்கவில்லை. பொறியிடம் அந்தக் கேள்வியே கிடையாது.

லிகோரி மார்ச் மாதப் படங்களை மறுபடி எடுத்தான். கயிற்றை மட்டுமே பார்த்திருந்த படங்கள். வால்டர் கையிலிருந்து இறங்கிய வெள்ளைக் கீறல் மஞ்சளைத் தொடவில்லை. ஒரு சாண் தள்ளி நேராகக் கீழே போயிற்று. மஞ்சளிலிருந்து இன்னொரு கீறல், வள்ளத்தின் நிழலுக்குள் மங்கலாக, முன்பக்கம் போய் முடிந்தது. அங்கே ஆள் யாரும் இல்லை.

போனின் ஏழாவது மணியில் தெக்லா எடுத்தாள்.

“தெக்லா, அந்தத் திட்டுல புல்லு நட்டது நீயா?”

“வளந்திருச்சா அத்தான்?” என்றாள். குரல் உடைந்திருந்தது. “நெசமாவே வளந்திருச்சா? எங்களத்தான் பாக்கவே விடலையே.”

“ஏன் சொல்லல?”

“என்னத்தச் சொல்ல? ஒரு ஏக்கரு வளத்தா ஒங்கள ஊருக்கு அனுப்பிருவாங்கன்னு நீங்கதான சொன்னீங்க. பிடிக்குமா பிடிக்காதான்னே தெரியாது. முன்கூட்டிச் சொல்லி, நாத்து வாடுச்சா, மீனு கடிச்சிச்சான்னு ஒங்கள தினம் பத்து மெசேஜு அனுப்ப வைக்கவா?”

“அப்ப வால்டர் கைல இருந்த கயிறு?”

கயிறு இருந்தது அவனுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததே மோசமாக இருந்தது.

“அது மூங்கில் சட்டம் எறக்குத கயிறு,” என்றாள் மெதுவாக. “சட்டத்துல நாத்தக் கட்டி அவரு எறக்குவாரு. நா கீழ வாங்கி மணல்ல பதிப்பேன்.”

“ஒன் கயிறு?”

“வள்ளத்து முன்கட்டைல கட்டியிருந்தேன். புடிக்கவேண்டிய ஆளு பனிக்குள்ள இருக்காருல்லா.”

லிகோரி திரையில் வள்ளத்தின் முன்பக்கத்தில் விரலை வைத்தான்.

“பத்து நாப்பதுக்குத் தண்ணிக்கு மேல வந்து ஒங்களுக்கு ஒரு வாட்டி கையாட்டுவேன். நீங்க பாக்கக் கூடாதுன்னு தெரியும். பாப்பீங்கன்னும் தெரியும்.” மூக்கை உறிஞ்சினாள். “பாத்துட்டு வேலி போட்டீங்களாக்கும்.”

“தெக்லா…”

“கேட்டிருக்கலாம்லா அத்தான்.”

“கேட்டேன். கரைல இருந்தேன்னு சொன்ன.”

“அது நல்லதுக்குச் சொன்ன பொய்யி. நீங்க சொன்னது எதுக்குச் சொன்ன பொய்யி?”

போன் கை மாறியது. பின்னால் நின்று வால்டர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். “ஏல மச்சான், எம்புட்டு வாட்டி எஞ்சினத் தொறந்து தொறந்து மாட்டுனேன் தெரியுமா? கார்புரேட்டரப் போட்டு மூணு நாளு கழுவுனேன். அத அமத்துனது நீயால?”

“எல்லாத்தையும் பாத்துக்கிடுதேன்னு நீதான சொன்ன…”

“பாத்துக்கிட்டேம்லா! ஒங்கம்மைக்கு மோட்டாரு மாட்டுனது யாரு? சின்ன வயசுல மணல்வீட்ட மிதிச்சதுக்குக் கடிச்சி வச்ச பயதானல நீ. இப்ப ஆகாசத்துல இருந்து கடிச்சிருக்க.” சிரித்துவிட்டு, சிரிப்பை நிறுத்தினான். “நீ போனதுல இருந்து நா ஒரு சங்கு எடுத்திருப்பனா? என் கயித்த யாரு கைல குடுக்க? நீ வந்தா குளிக்கலாமேன்னுதான் இவகூட சேந்து மூங்கிலு அறுத்துக்கிட்டுக் கெடந்தேன். பெறவு பேசுதேன். இவ அழுதா.”

லிகோரி உட்கார்ந்த இடத்திலேயே குரலெழுதியை எழுப்பினான். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெயரையும் வயதையும் இருப்பிடத்தையும் சொல்லி, மார்ச் மாதச் சான்று பொய் என்றான். புல் பழையது அல்ல, இரண்டு பேர் கையால் நட்டது. புதியது என்று மாற்றி எழுத வேண்டும். மீதி அரை ஏக்கரை நட அவர்களை உள்ளே விட வேண்டும். தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன். குற்றத்துக்காக வேலையை விட்டுத் துரத்தினால் துரத்தட்டும். துரத்தினாலும் ஊருக்குத்தானே என்ற ஒரு சின்ன ஆசையும் அதற்குள் இருந்தது.

பொறி நான்கு நொடியில் பதில் சொன்னது.

“படத்தோடு ஒப்பிடப்பட்டது. மணலுக்கு அடியில் புல் உண்டு என்று முதல் சான்று கூறியது. மணலிலிருந்து புல் வந்துள்ளது. முதல் சான்று மெய். சான்றாளர் அதே கரையில் பிறந்தவர். காப்பைத் தளர்த்தக் காரணம் உள்ளவர். இரண்டாம் சான்று ஐயத்துக்குரியது. தளர்த்த மூன்று கையெழுத்து தேவை.”

கொஞ்சம் பொறுத்து இன்னொரு வரி வந்தது.

“முன்னறிந்து சொன்ன திறனைப் பாராட்டித் தங்கள் பணிக்காலம் இதே தீவில் மூன்றாண்டு நீட்டிக்கப்படுகிறது.”

பர்வீன் அக்கா பின்னால் நின்று படித்தார். லிகோரி எல்லாவற்றையும் சொன்னான். அவர் திட்டவில்லை. “ஒரு வாட்டி அந்தப் படத்த என்கிட்ட காட்டியிருந்தா, அது ரெண்டு கயிறுடான்னு சொல்லியிருப்பேனே,” என்றார். பிறகு குனிந்து தன் கையெழுத்தைப் போட்டார். “ரெண்டாச்சு. மூணாவது பொதுப்பதிவப் படிக்கிற ஆளு போடணும். எவன் படிக்கிறான்?”

இது ஒரு ஊரோடு நின்றிருக்கலாம். ஆனால் அந்த மாதக் கடைசியில், வழக்கம்போல, சிறந்த சான்றைப் பொறி தனக்குப் பாடமாக எடுத்துக்கொண்டது. இந்த முறை சங்குமுனை. வெறும் மணலைப் பார்த்துப் புல் வரும் என்று லிகோரி சொன்னான், வந்தது. அவன் எதைப் பார்த்துச் சொன்னான்? பொறி மார்ச் மாதப் பன்னிரண்டு படங்களையும் அலசியது. மணலில் ஒன்றும் அகப்படவில்லை. பன்னிரண்டிலும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: எஞ்சின் அமர்ந்த ஒரு வள்ளம், இரண்டு பேர், நடுவில் ஒரு கயிறு.

நவம்பரில் வேலிகள் தாமாக விழ ஆரம்பித்தன. மூக்கையூரில் அண்ணனும் தம்பியும் சங்கு குளித்த இடத்தில் ஒன்று. மணப்பாட்டில் புருசனும் பெண்டாட்டியும் பாசி எடுத்த இடத்தில் ஒன்று. சான்றாளர் யாரும் சொல்லவில்லை. பொறி கற்றுக்கொண்ட பாடத்தின்கீழ் லிகோரியின் கையெழுத்தே செல்லும் என்று விதியில் இடம் இருந்தது. வேலிக்குள் நங்கூரம் விழாததால் சில இடங்களில் மணலில் மெய்யாகவே புல் தலைகாட்டியது. பொறி ஒவ்வொரு முறையும் தான் சொன்னது சரி என்று குறித்துக்கொண்டு, அடுத்த இரண்டு பேரைத் தேடிப் போனது. அவனைவிட நன்றாகவே அதற்குப் பொறாமைப்பட வந்தது. அதற்குத் தூக்கமும் கிடையாது, பசியும் கிடையாது.

கரைச் சனம் சீக்கிரமே பழகிக்கொண்டது. இரண்டு பேர் நின்றால் வேலி விழும். ஆகவே ஒரு வள்ளத்துக்கு ஒரு ஆள். கயிறு பிடிக்க மச்சானைக் கூட்டிப்போவதில்லை. கயிற்றை முன்கட்டையில் கட்டிவிட்டு, ஆண்டவரை நினைத்துக்கொண்டு தனியாக இறங்குகிறார்கள். மேலேயிருந்து பார்த்தால் கடல் முழுக்கப் பச்சையாக, அழகாக இருக்கிறது. அதன் ஓரத்தில் ஒற்றை ஒற்றையாக ஆட்கள். மார்ச் மாதத்தில் லிகோரி ஆசைப்பட்டது கரை முழுவதும் நடந்துவிட்டது. எந்த வள்ளத்திலும் யாரும் யாரோடும் சேர்ந்து நிற்கவில்லை.

நேற்றுப் பத்து நாற்பதுக்கு வேலியின் விளிம்பில், வேலிக்கு வெளியே, ஒரு சின்ன வள்ளம் நின்றது. துடுப்பு வள்ளம். அதில் ஒரே ஆள். மஞ்சள் சட்டை. முன்கட்டையிலிருந்து ஒரு கயிறு தண்ணீருக்குள் போகாமல், சுருட்டி, அப்படியே இருந்தது. கை தூக்கவில்லை. அவள் மேலே பார்த்தாளா என்பதும் தெரியவில்லை; ஒரு சாணுக்கு ஒரு புள்ளி விழும் படத்தில் முகம் இருக்காது.

இன்று காலை முதல் வேலையாக லிகோரி குரலெழுதியை எழுப்பினான். இந்தத் தடவை அவன் அச்சுத் தமிழைத் தேடவில்லை. வீட்டுக்குப் பேசுவதுபோலவே பேசினான்.

“பேரு லிகோரி மோத்தா. வயசு இருபத்தாறு. இருக்கது ஸ்வால்பார்ட் தீவு, மூணாம் கேட்பகம், ரெண்டாவது மேச. நா பாக்கது சங்குமுனைக்குக் கெழக்க அர ஏக்கரு புல்லு. அத நட்டது தெக்லாவும் வால்டரும். நா அவங்களப் பாத்தேன், கயித்தப் பாத்தேன், கேக்காம பொய் சொன்னேன். மூணு கையெழுத்து வேணும். ஒண்ணு நா போட்டுட்டேன். இன்னொண்ணு பர்வீன் அக்கா போட்டாங்க. இத நீங்க படிக்கீங்கன்னா, தயவுசெஞ்சி கீழ ஒங்க பேர எழுதிட்டுப் போங்க.”